கிராஃபீன் சிங்கிள் எலக்ட்ரான் டிரான்சிஸ்டர்: ஏன் எப்பவும் ஹீலியம் குளிர்லயே அளக்குறாங்க?

மின்மினி:
எம்.எஸ்சி. பிசிக்ஸ் செமினாருக்கு இந்த டிரான்சிஸ்டர, அதாவது ஒரே அணு தடிமனான கார்பன் ஷீட்டுல (கிராஃபீன்) எலக்ட்ரான ஒண்ணொண்ணா விடுற சுவிட்ச, எடுத்திருக்கேன். கூலும் பிளாக்கேட் புரியுது, குட்டி தீவுக்குள்ள ஒரு எலக்ட்ரான் இருந்தா அடுத்தது உள்ள வர எனர்ஜி பத்தாம வெளியவே நின்னுடும், கேட் (கட்டுப்படுத்துற மின்முனை) வோல்டேஜ ஏத்த ஏத்த ஒண்ணொண்ணா உள்ள விடலாம். ஆனா படிக்கிற பேப்பர்ல எல்லாம் லிக்விட் ஹீலியம் (4.2 கெல்வின்) குளிர்தான், ஏன்? அப்புறம் சிலிக்கான்ல மாதிரி மேல கேட் வெச்சே டாட் (எலக்ட்ரான் அடைபடுற அந்தக் குட்டி தீவு) பண்ணாம எதுக்கு ஷீட்டையே வெட்டுறாங்க?

கரிக்கட்டி:
ரெண்டாவதுக்கு மொதல்ல சொல்றேன். ஒத்த லேயர் கிராஃபீனுக்கு பேண்ட் கேப் (எலக்ட்ரான் இருக்க முடியாத எனர்ஜி இடைவெளி) கிடையாது, கேட்ட வெச்சு தடுப்பு போட்டாலும் எலக்ட்ரான் கிளைன் டனலிங்ல (தடுப்ப ஊடுருவிப் போற குவாண்டம் விளைவு) அது வழியா போயிரும், அதனாலதான் ஆக்ஸிஜன் பிளாஸ்மால செதுக்கி தீவ ரெண்டு ஒடுக்கமான கழுத்தால லீடோட (கரண்ட் வந்து போற முனை) சேர்க்குறாங்க. கழுத்தோட ரெசிஸ்டன்ஸ் 25.8 கிலோ ஓம (h/e², ரெசிஸ்டன்ஸோட குவாண்டம் அளவு) விட நல்லாவே அதிகமா இருக்கணும், இல்லன்னா எலக்ட்ரான் தீவுக்குள்ள தங்காது. ரெட்ட லேயர்ல கத வேற, செங்குத்தா எலக்ட்ரிக் ஃபீல்டு குடுத்தா கேப் திறக்கும், வெட்டாம கேட்டாலயே டாட் பண்ணலாம்.

நானோமணி:
டெம்பரேச்சர் விஷயம் முழுக்க கெப்பாசிட்டன்ஸ் கணக்கு. சார்ஜிங் எனர்ஜி, அதாவது ஒரு எலக்ட்ரான தீவுக்குள்ள ஏத்த ஆகுற e²/2C (C தீவோட கெப்பாசிட்டன்ஸ்), வெப்பம் குடுக்குற எனர்ஜியான kT-ய விட பல மடங்கு இருக்கணும், இல்லன்னா வெப்பமே எலக்ட்ரான உள்ள தள்ளிடும். ரூம் டெம்பரேச்சர்ல kT 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட், 4.2 கெல்வின்ல வெறும் 0.36. C ஒரு அட்டோ ஃபேரடா (10⁻¹⁸ ஃபேரடு) இருந்தா 80 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரும், அதுவே மூணு மடங்குதான், அதுக்கே தீவு சில நானோமீட்டர்ல இருக்கணும், லித்தோகிராஃபில (வடிவம் வரைஞ்சு செதுக்குற முறை) சாதாரணமா கிடைக்கிறது பத்து இருபது நானோமீட்டருக்கு மேல. 2008ல மான்செஸ்டர் குரூப் (பொனோமரென்கோ, கைம், நோவோசெலோவ்) சின்னச் சின்ன கழுத்துகள்ல 0.5 எலக்ட்ரான் வோல்ட் வர கேப் பாத்தாங்க, அது ரூம் டெம்பரேச்சர் kT-ய விட ரொம்பப் பெருசு. அதுக்கு முன்னாடியே 2001ல டெல்ஃப்ட்ல கார்பன் நானோடியூப்ப ஏஎஃப்எம் (அணு விசை மைக்ரோஸ்கோப்) நுனியால ரெண்டு எடத்துல மடக்கி ரூம் டெம்பரேச்சர்லயே ஓட வெச்சிட்டாங்க, அத கண்டிப்பா ஸ்லைடுல போடுங்க.

மின்மினி:
ரொம்ப நன்றிங்க. அப்போ இன்னும் சின்னதா வெட்டினா முடிஞ்சிடுமா?

கரிக்கட்டி:
அங்கதான் சிக்கலே. சின்னதாக ஆக ஓரம்தான் ஆதிக்கம் பண்ணும், பிளாஸ்மா வெட்டின ஓரம் கரடுமுரடா இருக்கறதால கழுத்துக்குள்ளயே நாம கேக்காத டாட் தானா உருவாகி கூலும் டைமண்ட் (அளவீட்டுப் படத்துல கரண்ட் ஓடாத எடம் காட்டுற வைர வடிவம்) ஒண்ணு மேல ஒண்ணு விழும். ஷீட்டுக்கு அடில வழக்கமான சிலிக்கான் ஆக்ஸைடுக்கு பதிலா போரான் நைட்ரைட் போட்டா ஆக்ஸைடுல சிக்கின சார்ஜ் தொல்ல குறையும், ஓரத்துக்கு அது உதவாது. என்ன கேட்டா செமினார்ல பாதி நேரத்த இந்த ஓரத்துக்கே குடுங்க.