பியா ஹோய் குடிக்காமல் ஹனோயிலிருந்து திரும்பலாமா?

திருச்சிப் பயணி:
வணக்கம். அடுத்த மாதம் திருச்சியிலிருந்து வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு நேர் விமானத்தில் போகிறேன். அங்கிருந்து ஹுவே, ஹனோய் என்று வடக்கே பத்து நாள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பீரைக் குடித்துப் பார்ப்பது என் வழக்கம். உடன் வரும் நண்பரோ, "அங்கே எல்லாம் தண்ணீர் பீர். தெருவில் ஊற்றுவதைத் தொடாதே. பழகிய வெளிநாட்டுப் புட்டியை வாங்கிக் குடி, வயிறாவது பிழைக்கும்" என்கிறார். போய் வந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

வேம்பு:
நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். ஹனோய்வரை போய்விட்டு பியா ஹோய் குடிக்காமல் வருவது, சித்திரை வெயிலில் பனங்காட்டு வழியே போய்ப் பதநீர் குடிக்காமல் வருவது போல.

பியா என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். ஹோய் என்றால் ஆவி, வாயு. பதப்படுத்தும் பொருள் எதுவும் சேராத பச்சைப் பீர் இது. ஆலையிலிருந்து பீப்பாயில் கடைக்கு வரும், அன்று வந்தது அன்றே தீர வேண்டும். வைத்திருந்தால் சுவை கெட்டுவிடும். ஆல்கஹால் 3 முதல் 4 சதவீதம்தான். பதநீரைச் சொன்னது அதனால்தான். இரண்டையும் அந்த ஊரில், அந்த நாளில் குடித்தால்தான் உண்டு.

நான் 2019இல் ஹனோயில் ஐந்து நாள் இருந்தேன். முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா பத்துக் குவளைகளை ஒட்டி ஒட்டி வைத்து, குழாயை மூடாமலே ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்திக்கொண்டு போனார். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. அந்தக் குவளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடியை உருக்கி ஊதியது, இளம்பச்சை நிறம், அரை லிட்டர் கொள்ளும், நல்ல கனம். கண்ணாடிக்குள்ளேயே காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கும். ஒன்றைப்போல இன்னொன்று இராது. லே ஹுய் வான் என்ற ஓவியர் 1970களில் வடிவமைத்தது, இன்றுவரை மாறவில்லை.

முதல் வாய் மிக லேசாக இருக்கும். அரிசியின் மெல்லிய இனிப்பு, அதன்பின் கொஞ்சம் கசப்பு. தொட்டுக்கொள்ள வேகவைத்த வேர்க்கடலை, தோலோடு. அப்போது ஒரு குவளை 10,000 டாங், நம் பணத்தில் முப்பது ரூபாய் சொச்சம்.

சோழமண்டலம்:
வேம்பு அழகாக எழுதுகிறார். ஆனால் அவர் எழுதியதில் முக்காலி இருக்கிறது, குவளை இருக்கிறது, கடைக்கார அம்மா இருக்கிறார். பீரைப் பற்றி மூன்று வரிதான்.

சைகோன் (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்), ஹுவே, ஹனோய் மூன்று ஊரிலும் குடித்தவன் நான். அரிசி கலந்த, வெளிறிய, கசப்பே இல்லாத ஒரே லாகர் வகைப் பீர்தான் எங்கும். லேபிளை மறைத்துக் கொடுத்தால் எது எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்குத் தெற்கே குவளையில் பனிக்கட்டியைப் போட்டு ஊற்றுகிறார்கள்.

அடுத்து, "உள்ளூர்" என்ற சொல். சைகோன் பீரும் 333ம் தயாரிக்கும் சபெகோவின் பாதிக்கு மேற்பட்ட பங்கை 2017இல் தாய்லாந்து நிறுவனம் ஏறத்தாழ 480 கோடி டாலர் கொடுத்து வாங்கிவிட்டது. டா நாங் நகரம் முழுவதும் புலிப்படத்தோடு தொங்கும் லாரூ பீர், நெதர்லாந்தின் ஹெய்னெக்கனுடையது. ஹுவேயின் பெருமை என்று கொடுக்கும் ஹுடா, 2011 முதல் முழுக்க டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் கையில். பெயரைப் பிரித்தாலே ஹுவே பாதி, டென்மார்க் பாதி. நண்பர் சொல்லும் வெளிநாட்டுப் புட்டிக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

அந்த மண்ணின் சுவை வேண்டுமென்றால் சைகோனில் பாஸ்டர் தெருப் பீரகம் போன்ற சிறு ஆலைகளுக்குப் போங்கள். மல்லிகைப் பூ சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். வியட்நாம் கொக்கோவில் செய்த சாக்லேட்டைப் போட்டு அவர்கள் காய்ச்சிய கறுப்பு ஸ்டவுட் பீர், 2016 உலக பீர் கோப்பையில் தங்கம் வாங்கியது.

வேம்பு:
பங்குதாரர் பட்டியலைக் குடிக்க முடியாது, நண்பரே. ஆனாலும் வரலாற்றைத் தொட்டதால் சொல்கிறேன்.

ஹனோயின் ஹபெகோ ஆலையை 1890இல் ஓமெல் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கினார். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறியபோது ஆலை நின்றுபோனது. செக்கோஸ்லோவாக்கிய வல்லுநர்கள் உதவியுடன் அதைத் திரும்ப ஓடவைத்து, 1958 ஆகஸ்டில் முதல் புட்டியை எடுத்தார்கள். அதற்கு ஊர் ஏரியின் பெயரையே வைத்தார்கள்: ட்ருக் பாக். இன்றும் அந்த ஆலையின் பெரும்பங்கு அரசிடம்தான் இருக்கிறது. ஹனோயில் குடிக்கும் பியா ஹோயில் பெரும்பகுதி அங்கிருந்து வருவது. இதை எந்தக் கணக்கில் வெளியூர்ப் பீர் என்பீர்கள்?

நீங்கள் சொல்லும் மல்லிகைப் பீர் நல்ல பீர்தான், குடித்திருக்கிறேன். அந்த ஒரு குவளை விலையில் பியா ஹோய் பத்துக் குவளை வரும். அந்த மல்லிகைப் பீர்க் கடையில் என் பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் எல்லாரும் பயணிகள். வேலை முடித்த கொத்தனாரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே மேசையில் உட்காருவது பியா ஹோய்க் கடையில்தான்.

நெய்தல்நிலா:
அண்ணன்மார் இருவரும் கேள்வி கேட்டவரை மறந்துவிட்டீர்கள்.

முதலில் சட்டம். 2020 ஜனவரி 1 முதல் வியட்நாமில் வண்டி ஓட்டுபவர் உடலில் ஆல்கஹால் துளிகூட இருக்கக் கூடாது. கார், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இதே விதி, அபராதம் கடுமை. ஒரே ஒரு லேசான குவளை என்று நினைத்துக்கொண்டு வாடகை மோட்டார் சைக்கிளைத் தொட்டுவிடாதீர்கள். நடந்து போங்கள், இல்லையென்றால் டாக்ஸி பிடியுங்கள்.

இரண்டாவது, பனிக்கட்டி. சைகோன் வெயிலில் புட்டி ஐந்து நிமிடத்தில் வெந்நீராகிவிடும். அதனால் போடுகிறார்கள், அது அவர்கள் பழக்கம். நடுவில் துளையுள்ள உருளைக் கட்டிகள் ஆலையில் செய்து பையில் வருபவை. உடைத்துப் போடும் பாளக்கட்டியைத் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, ஹனோயின் டா ஹியென் தெரு. பியா ஹோய் குடிக்க எல்லாரும் அங்கேதான் அனுப்புவார்கள். மாலையானால் நிற்க இடமிருக்காது, கையைப் பிடித்துக் கடைக்குள் இழுப்பார்கள், விலையும் கூடுதல். நான் தனியாகப் போனவள். நாலு தெரு தள்ளி, ஆங்கிலப் பலகை எதுவும் இல்லாத ஒரு கடையில் உட்கார்ந்தேன். யாரும் முறைக்கவில்லை. எதிர் மேசையில் இருந்த ஒரு பாட்டி தன் தட்டிலிருந்த கடலையை என் பக்கம் தள்ளிவிட்டு, உரிக்கும் விதத்தையும் காட்டிக்கொடுத்தார். எனக்கு உரிக்கத் தெரியும் என்று சொல்ல மொழி இல்லை. அவர் காட்டியபடியே உரித்தேன்.

சோழமண்டலம்:
சட்டத்தைச் சொன்னதற்கு நன்றி, சகோதரி. அதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் பதநீர் ஒப்புமையை நான் விடுவதாக இல்லை. பதநீர் அந்த மண்ணில் வேர்விட்ட மரத்தின் பாளையிலிருந்து சொட்டுவது. பியா ஹோயின் பார்லி கப்பலில் வருகிறது. அந்த மண்ணில் விளைந்ததென்று சொல்ல அதில் அரிசியும் தண்ணீரும்தான் உண்டு. அப்புறம், பச்சைப் பீர் என்று பெருமை பேசும்போதே அதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். சுத்தம் செய்யாத குழாய், வெயிலில் நின்ற பீப்பாய், இரண்டில் எது வாய்த்தாலும் கெடுதல்தான். ஹனோயில் ஒரு கடையில் குடித்துவிட்டு நான் இரண்டு நாள் விடுதி அறையிலேயே கிடந்தேன். ஹா லாங் விரிகுடாப் படகுப் பயணத்துக்குக் கட்டிய பணமும் போயிற்று.

வேம்பு:
உடம்பு கெட்டது வருத்தம்தான். அதற்கு வழி, கூட்டமுள்ள கடையைப் பார்ப்பது. பீப்பாய் சீக்கிரம் காலியாகும் இடத்தில் பழையது நிற்க வழியில்லை. புளிப்பு வாடை வந்தால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். முப்பது ரூபாய்தானே.

மண்ணைப் பற்றி ஒரு கேள்வி. கும்பகோணத்தில் காப்பிச்செடி விளைகிறதா? கொட்டை மலையிலிருந்து வருகிறது, செடியே கடல் கடந்து வந்தது. அதற்காகக் கும்பகோணம் டிகிரி காப்பியை வெளியூர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவீர்களா?

சோழமண்டலம்:
பால் கும்பகோணத்துப் பால், நண்பரே. டிகிரி என்ற பெயரே அந்தப் பாலுக்காக வந்ததாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. யோசிக்கிறேன்.

திருச்சிப் பயணி:
போய்த் திரும்பிவிட்டேன். தகவல் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

புட்டிப் பீர் விஷயத்தில் சோழமண்டலம் சொன்னது சரி. சைகோனில் 333, ஹுவேயில் ஹுடா, இரண்டுக்கும் என் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெயிலுக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான். மல்லிகைப் பீரைக் குவளையில் ஊற்றும்போதே பூ வாசம் வந்தது. கசப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம், நண்பருக்கு மிகவும் பிடித்தது.

ஹனோயில் நெய்தல்நிலா சொன்னபடி டா ஹியெனைத் தாண்டி உள்ளே நடந்தோம். ஒரு முனைக்கடையில் உட்கார்ந்தோம். நண்பர் முதலில் வேண்டாம் என்றார். என் குவளையிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டுத் தனக்கு ஒன்று சொன்னார், பிறகு இன்னொன்று. மூன்றாவதுக்குக் கையைத் தூக்கியபோது கடைக்கார அம்மா பீப்பாயைச் சாய்த்து, குழாயைத் திறந்து காட்டினார். வெறும் நுரைதான் வந்தது. மணி ஆறரைகூட ஆகவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் முக்காலிகளை அடுக்கிவைத்துவிட்டு எழுந்து போனார்கள்.