கார் கதவு இடித்து சைக்கிள் ஃபோர்க் விரிசல்: இன்சூரன்ஸ் கிளைம் எங்கே தொடங்குவது?

பின்சக்கரம் கேட்டது:

இடம் கோவை. ஓரமாக நின்ற காரின் டிரைவர் பக்கக் கதவு சட்டென்று திறந்து, அதில் மோதி வலப்பக்கமாக விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு, அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். சைக்கிள் அலுமினிய ஃப்ரேம், கார்பன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), புதுசின் விலை 80,000. ஓராண்டு சைக்கிள் பாலிசி இருக்கிறது. பிரீமியம் குறையட்டும் என்று 60,000க்குத்தான் போட்டேன். விபத்து நடந்து நாலு நாள் ஆகிறது, கம்பெனிக்கு இன்னும் சொல்லவில்லை. கார்க்காரர் 10,000 தருகிறேன், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக்கொடு என்கிறார். கடைக்காரர் நாளைக்கே ஃபோர்க்கை மாற்றலாம் என்கிறார். எதை முதலில் செய்ய?

கறுப்பு மை:

கையெழுத்துப் போடாதீங்க. சைக்கிளையும் பிரிக்க விடாதீங்க. மற்றதெல்லாம் அப்புறம்.

கார்க்காரர் எழுதிக் கேட்கும் அந்த ஒரு வரி இரண்டு வழியையும் அடைக்கும். உங்கள் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதைக் கார்க்காரர் தரப்பிடமிருந்து மீட்கும் உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். நீங்கள் முந்திக்கொண்டு அவரை விடுவித்து எழுதிக்கொடுத்தால் அந்த உரிமை போய்விடும். அதையே காரணம் காட்டி உங்கள் கிளைமையும் மறுக்கலாம். கைக்காயத்துக்கான இழப்பீடு கேட்கும்போதும் எதிர்த்தரப்பு அந்தத் தாளைத்தான் நீட்டும்.

கம்பெனிக்கு இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்க. பாலிசி எண், தேதி, நேரம், இடம், கார் எண், என்ன நடந்தது என்று நாலு வரி, ஏன் தாமதம் என்று ஒரு வரி (கையில் கட்டு என்பதே போதுமான காரணம்). தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒன்றை மட்டுமே வைத்து உண்மையான கிளைமைத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. போனில் சொல்வதோடு நிறுத்தாதீங்க, கிளைம் எண்ணைக் கேட்டு வாங்குங்க.

ஸ்போக் கீ:

கார்பன் ஃபோர்க்கை வெளியிலிருந்து பார்த்து முடிவு சொல்ல முடியாது. முன்னால் இடி வாங்கினால் கிரவுனுக்கு (ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் இடம்) சற்று மேலே, ஹேண்டில்பாரோடு இணையும் ஸ்டீயரர் குழாயின் அடியில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். அந்தக் குழாயைத் தாங்கும் பேரிங்கான ஹெட்செட்டைக் கழற்றினால்தான் தெரியும். சர்வேயர் (கம்பெனி சார்பில் சேதத்தை மதிப்பிட வருபவர்) வரும்போது கடைக்காரர் அவர் கண்முன்னே கழற்றட்டும். முன்பே கழற்றியாக வேண்டும் என்றால், கழற்றுவதை முழுக்க வீடியோ எடுங்கள். பின்னணியில் சைக்கிளும் தெரியணும்.

ஃப்ரேமில் ஹெட் டியூபுக்கு (ஸ்டீயரர் நுழையும் குழாய்) பின்னால், அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் மடிப்பு மடிப்பாக இருந்தாலோ முடி போலக் கீறல் தெரிந்தாலோ ஃப்ரேமும் போச்சு, அது ஓட்டக்கூடாத ஃப்ரேம். வலப்பக்கம் விழுந்ததால் கியர் ஹேங்கர் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பார்க்காமல் விட்டால் பின்னாளில் அதில் தொங்கும் டிரெய்லியர் (செயினை கியர் மாற்றும் பாகம்) ஸ்போக்கில் மாட்டி, சக்கரத்தோடு சேர்ந்து போகும். வளைந்த அலுமினிய ஹேண்டில்பாரை நிமிர்த்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

எஸ்டிமேட் கடையின் லெட்டர்ஹெட்டில், ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்கணும். ஃப்ரேம் எண்ணும் வேணும். அது பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும், வாங்கிய பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சர்வேயர்கள் பலரும் கார் பார்த்தே பழகியவர்கள். "ஃபோர்க் மாற்றம்" என்று மட்டும் எழுதினால் "ரிப்பேர் பண்ண முடியாதா?" என்று கேட்பார்கள். "ஸ்டீயரரில் விரிசல், ஓட்டும்போது முறியும் அபாயம், ரிப்பேருக்கு உகந்ததல்ல" என்று கடைக்காரரே காரணத்தோடு எழுதட்டும். கழற்றிய பாகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், கம்பெனி கேட்கும்.

ஹெல்மெட், லைட், மீட்டர் எல்லாம் பாலிசி அட்டவணையில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள்.

வரிக்கு வரி:

அந்த 60,000 பற்றி யாரும் சொல்லவில்லை. பாலிசியில் "ஆவரேஜ்" என்ற விதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கணக்கு இப்படிப் போகும்: பொருளின் மதிப்பு 80,000, காப்பீடு 60,000, அதாவது முக்கால் பங்கு. நட்டம் 36,000 என்றால் அதிலும் முக்கால் பங்கு, 27,000. நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை 2,000 என்று பாலிசியில் இருந்தால் கையில் வருவது 25,000. தேய்மானம் இருந்தால் இன்னும் குறையும். 60,000 வரை முழுசாகக் கிடைக்கும் என்று பலர் நினைப்பது இதனால்தான் தவறு. அடுத்த முறை முழு மதிப்புக்கே போடுங்கள். பிரீமியத்தில் மிச்சம் பிடிப்பதைவிட இழப்பது அதிகம்.

குறையும் பணத்தைக் காரின் மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்கலாம். தனியார் காருக்குப் பொருள் சேதம் வழக்கமாக 7.5 லட்சம் வரை. உரிமையாளர் பிரீமியம் குறைக்க 6,000 என்று சுருக்கியிருந்தால், மீதியை அவரே தரவேண்டும். எந்தக் கம்பெனி, காப்பீடு நடப்பில் உள்ளதா என்பது அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் கார் எண்ணைப் போட்டால் தெரியும். ஒரே நட்டத்துக்கு இரண்டு பக்கமும் முழுப்பணம் வாங்க முடியாது.

பின்சக்கரம்:

நன்றி. மெயில் அனுப்பி கிளைம் எண் வாங்கிவிட்டேன். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான சீட்டு) மட்டும் தந்தார்கள். "கார் நின்றுதானே இருந்தது, இது வாகன விபத்தே இல்லை" என்கிறார் கார்க்காரர்.

கறுப்பு மை:

அது எடுபடாது. வாகனத்தின் "பயன்பாடு" என்பதில் ஓடாமல் கிடக்கும் வண்டியும் அடங்கும் என்று ஒரு டேங்கர் லாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது.

சைக்கிளுக்கான கிளைமுக்குச் சில கம்பெனிகள் சி.எஸ்.ஆர். ரசீதை ஏற்கும். காயத்துக்கு அது போதாது, எஃப்.ஐ.ஆர். கேளுங்க. ஸ்டேஷனில் பதியாவிட்டால் எஸ்.பி. அல்லது கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்க. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்குங்க. அதில் "கார் கதவு மோதி" என்று இருக்கணும். "சைக்கிளிலிருந்து விழுந்து" என்று மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்காமலே 2.5 லட்சம் கேட்கலாம். 166-ஆம் பிரிவில் போனால் கார்க்காரரின் தவறை நிரூபிக்கணும், ஆனால் சம்பள இழப்பு, வைத்திய செலவு எல்லாம் சேரும். இரண்டில் ஒன்றுதான். 166-க்கு விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போடணும் என்று சட்டத்தில் இருக்கிறது, இழுக்காதீங்க. அவர் நீட்டும் 10,000-ஐ இதோடு வைத்துப் பாருங்க.

வரிக்கு வரி:

ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 விதிகளின்படி ஆவணம் இல்லை என்பதற்காகக் கிளைமை நிராகரிக்கக் கூடாது. நிராகரித்தாலோ குறைத்தாலோ எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலர், அடுத்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் இணையதளமான பீமா பரோசா. ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கம்பெனியின் பதில் வந்த ஓராண்டுக்குள் போகணும், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ஸ்போக் கீ:

விபத்து நடந்த இடத்துக்கு எதிரே கடையில் கேமரா இருந்தால் நாளைக்கே போய்க் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிட்டால் அப்புறம் போலீஸ் கேட்டாலும் கிடைக்காது. கார் கதவின் ஓரத்தில் உங்கள் ஹேண்டில் டேப் தேய்ந்த தடம் இருக்கும், அவர் பாலிஷ் போடுவதற்குள் அதையும் படம் எடுத்துவிடுங்கள்.