மாணவர் நடத்திய கல்லூரி வானொலிகளின் வரலாறு எங்கே தொடங்குகிறது?

உதகை விரிவுரையாளர்:

வணக்கம். உதகையில் ஒரு கல்லூரியில் பணிபுரிகிறேன். இந்த ஆண்டு மலருக்காகக் கல்லூரி வானொலிகளின் வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. நம் நாட்டின் முதல் வளாக வானொலியான அண்ணா பண்பலை 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் தொடங்கியது என்பதை அறிவேன். ஆனால் அமெரிக்காவில் மாணவர்களே உருவாக்கி நடத்திய நிலையங்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியவை. அவை எவ்வாறு தோன்றின, இங்கே ஏன் இவ்வளவு தாமதமாயிற்று என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். விடுதிக்குள் மட்டும் கேட்கும்படி நாமே ஒன்று தொடங்கலாமா என்று எங்கள் மாணவர்களும் கேட்கிறார்கள்.

கோத்தகிரி வாசகர் (ஒலிபரப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):

தொடக்கப் புள்ளியாக 1936-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஆபிரகாம், டேவிட் போர்ஸ்ட் என்ற இரு மாணவர்கள் விடுதி அறைகளுக்கிடையே கம்பி இழுத்து ஒரு சிறு வலையமைப்பை உருவாக்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த முறை எளிமையானது, ஆனால் மிகவும் சாமர்த்தியமானது. குறைந்த திறன் கொண்ட மத்திய அலை ஒலிபரப்பியைக் கட்டடத்தின் மின்கம்பிகளோடு இணைத்துவிட்டால், சுவருக்குள் ஓடும் கம்பியே ஆன்டெனாவாகிவிடும். படுக்கைக்கு அருகிலுள்ள சாதாரண ரேடியோவில் கணீரென்று கேட்கும் நிகழ்ச்சி, தெருவுக்கு இறங்கினால் மங்கிவிடும். மின்மாற்றியைத் தாண்டி அலை செல்லாது என்பதால் பெரிய வளாகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிபரப்பிகளை வைக்க வேண்டியிருந்தது. இவ்வளவு குறைந்த திறனுக்கு அங்கே உரிமம் தேவைப்படாததால்தான் பணமோ செல்வாக்கோ இல்லாத மாணவர்களால் அதைச் செய்ய முடிந்தது. 1940-இல் இத்தகைய நிலையங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பே உருவானது. 1948-இல் கல்வி நிறுவனங்களுக்கு 10 வாட் பண்பலை உரிமம் கிடைக்கத் தொடங்கியது.

பிரவுன் நிலையத்தின் பிற்கால வரலாற்றையும் விட்டுவிடாதீர்கள். 1966-இல் அது பண்பலைக்கு வந்தபோது உரிமம் பல்கலைக்கழகத்தின் பெயரில் இல்லை. மாணவர் வானொலிக்கென்றே பதிவு செய்யப்பட்ட தனி அமைப்பிடம் இருந்தது. 2017-இல் அந்த அலைவரிசை விற்கப்பட்டு, நிலையம் இணையத்துக்கு மாறியது.

குன்னூர் வாசகி:

உரிமம் மாணவர் வானொலி அமைப்பிடமே இருந்தது என்று ஐயா சொன்ன செய்தியில்தான், இங்கே ஏன் தாமதம் என்ற விரிவுரையாளரின் இரண்டாம் கேள்விக்கான விடை இருக்கிறது. நம் நாட்டில் மாணவர்களுக்கு ஆர்வம் இல்லாததால் தாமதம் ஏற்படவில்லை. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டப்படி ஒலிபரப்பு முழுவதும் அரசின் தனியுரிமையாக இருந்தது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்த பிறகே வழி பிறந்தது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கும், 2006 நவம்பரில் தன்னார்வ அமைப்புகளுக்கும் சமூக வானொலிக் கதவு, அதாவது உள்ளூர் மக்களுக்காக இலாப நோக்கின்றி நடத்தும் சிறு வானொலிக்கான வழி, திறந்தது. ஆனால் விண்ணப்பிக்கும் அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும் என்பதும், அரசியல் கட்சிகளைச் சார்ந்த மாணவர் அமைப்புகளுக்கு உரிமம் கிடையாது என்பதும் விதி. ஆகவே இங்கே மாணவர்கள் நிகழ்ச்சி தயாரிக்கலாம், அறிவிப்பாளர்களாகலாம், ஆனால் உரிமம் நிறுவனத்தின் கையில்தான் இருக்கும். உங்கள் கட்டுரையின் உயிர்நாடி இந்த வேறுபாடாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 'நாங்களும் தொடங்கினோம்' என்று சொல்லிக்கொண்டு போகும் மலர்க் கட்டுரைகளை நிறையவே படித்துவிட்டோம்.

விடுதி வானொலியைப் பொறுத்தவரை, உரிமமின்றி ஒலிபரப்பி எதையும் இயக்க வேண்டாம். கம்பிவழி ஒலிபெருக்கியோ இணைய ஒலிபரப்போ போதும்.

கோத்தகிரி வாசகர்:

பிற்காலத்தில் கல்லூரி உரிமமே பெற்றாலும் மலையை மறந்துவிடக் கூடாது. சமூக வானொலிக்கு அனுமதிக்கப்படும் ஆற்றல் பொதுவாக 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டர். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. குன்னூர் மலைப்பாதையில் பேருந்து ஓட்டுநரின் ரேடியோ ஒரு கொண்டை ஊசி வளைவில் பாடி, அடுத்ததில் இரைவதை அனைவரும் கேட்டிருப்பீர்கள். கொடைக்கானல் பண்பலை சமவெளியின் தொலைதூர ஊர்களை எட்டுவதற்கு அதன் உயரமே துணை. அதே இயல்பு, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்குப் பின்னால் இருக்கும் சிற்றூருக்கு ஒலியை மறைத்தும்விடும். எங்கள் ஊரில் 90.4 மெகாஹெர்ட்ஸில் கீஸ்டோன் அறக்கட்டளை நடத்தும் சமூக வானொலி பழங்குடி மொழிகளிலும் நிகழ்ச்சிகளைத் தருகிறது. உங்கள் மாணவர்களை முதலில் அங்கே அழைத்துவாருங்கள். ஒலிபரப்பு எந்தப் பள்ளத்தாக்கில் கேட்கிறது, எதில் கேட்கவில்லை என்பதை அவர்களே ரேடியோவுடன் நடந்து குறித்துக்கொள்ளட்டும்.