இங்கிலீஷ் மஸ்ட் (must), நீட் (need): புரிய வைக்க நல்ல பயிற்சி இருந்தா கொடுங்க

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறவங்க இருந்தா உதவுங்க.

அடிப்படையில சிக்கல் இல்ல. கேன், வில், ஷுட் இதுக்கெல்லாம் பின்னால வினையோட முதல் வடிவம்தான். ‘ஹீ கேன் ஸ்விம்ஸ்’ தப்பு. இந்த மாதிரி துணைவினை, அதாவது மோடல், ரெண்டு அடுத்தடுத்து நிக்காது, அதனால ‘வில் கேன்’ கிடையாது, ‘வில் பி ஏபிள் டு’. ‘டிட் யூ வென்ட்’னு எழுதினா, இறந்தகாலத்தை டிட்டே காட்டிட்டுது, இன்னொரு தடவை வேண்டாம்னு சொன்னா போதும்.

மாட்டுறது மஸ்ட்டோட இறந்தகாலத்துல. கட்டாயம்னா ‘வீ ஹேட் டு வெயிட் அட் த ஜெட்டி’. ஊகம்னா ‘த போட் மஸ்ட் ஹேவ் லெஃப்ட்’, படகு போயிருக்கும். கட்டாயத்துக்கும் ‘வீ மஸ்ட் ஹேவ் வெயிட்டட்’னு எழுதிடுறாங்க. வடிவம் சரியா இருக்கிறதால திருத்துறவங்க கண்ணுக்கே தப்பிடும்; பொருள்தான் வேற.

அடுத்தது நீட். ‘ஷீ நீட் நாட் கோ’ சரி, ‘ஷீ டஸ் நாட் நீட் டு கோ’வும் சரி. தாள் முழுக்க வர்றது ரெண்டும் கலந்த ‘நீட் நாட் டு கோ’.

சூழலை மட்டும் கொடுத்து வாக்கியம் எழுத வைக்கிற பயிற்சி யார்கிட்டயாவது இருக்கா? கோடிட்ட இடம் நிரப்புற வகை வேண்டாம், அதுல குத்துமதிப்பா போட்டாலே மார்க் விழுந்துடுது.