டேப்லெட் மட்டும் வைத்துக்கொண்டு வேலை ஓடுமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கம்பம் கணக்கர்:
கம்பத்தில் குடியிருந்துகொண்டு வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மேலே போகும் ஜீப்பில்தான் நானும் போவேன். அந்த நெரிசலில் லேப்டாப் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் 4 ஜிபி ரேம் உள்ள சாதாரண ஆண்ட்ராய்டு டேப்லெட், கூடவே ஒரு ப்ளூடூத் கீபோர்டு.

தோட்டத்து வேலைக்கு இதுவே தாராளம். ஆள் கணக்கு, பச்சைக்காய் எடை, ஸ்டோரில் (ஏலக்காய் உலர்த்தும் கூடம்) காய்ந்து வந்த எடை எல்லாம் எக்செல்லில் போகிறது. தராசுப் பக்கத்தில் நின்றபடியே பதிந்துவிடலாம். சுமார் 5 கிலோ பச்சைக்காய்க்கு 1 கிலோ காய்ந்த காய் வர வேண்டும். ரொம்பக் குறைந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகும்படி வைத்திருக்கிறேன். டேப்லெட்டிலும் அப்படியே சிவக்கிறது. மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. போனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்கே இதற்கும் போதும். என் பழைய லேப்டாப்புக்கு 65 வாட் சார்ஜர் இருந்தே ஆக வேண்டும்.

வேகத்தில் எனக்குக் குறையே இல்லை. மாதக் கடைசியில்தான் இடிக்கிறது. கூலிச் சீட்டு போடும் ஃபைலில் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், இருக்கிறது. ஆண்ட்ராய்டு எக்செல்லில் ஃபைல் திறக்கும், எண்கள் தெரியும், மேக்ரோ மட்டும் ஓடாது. டேலி விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள், அதுவும் இதில் ஏறாது. அப்புறம் ஜிஎஸ்டி. தொழில் தனி ஆள் பெயரில் இருந்தால் போனுக்கு வரும் ஓடிபியே போதும். கம்பெனி என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை (பென் டிரைவ் போன்றது) யுஎஸ்பியில் செருகித்தான் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு வீட்டில் இருக்கும் லேப்டாப்பைத்தான் திறக்கிறேன்.

விலை குறைந்த விண்டோஸ் டேப்லெட் வாங்கினால் இரண்டும் நடக்குமே என்பார்கள். குமுளியில் ஒரு நண்பரிடம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு உள்ளது இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே அதுதான். டேலி திறக்கிறது, டோக்கனும் வேலை செய்கிறது. ஆனால் பக்கத்தில் குரோமில் நாலைந்து டேப் திறந்தால் கர்சர் நகர மறுக்கிறது. அப்டேட் வந்தால் இடம் பற்றாமல் படங்களை அழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த ரகத்தை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூணாறு ஆசிரியை:
அண்ணே, எங்கள் தமிழ் வழிப் பள்ளியிலும் இதே கதைதான். வகுப்பில் டேப்லெட் அருமையாக இருக்கிறது. கணித வரைபடம் காட்டும் ஜியோஜீப்ரா ஓடுகிறது, கையால் படம் வரைந்து காட்டலாம், குறிப்பு எழுத வாயால் சொன்னாலே தமிழில் விழுகிறது. பழைய வினாத்தாள்தான் தொல்லை. எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. டேப்லெட்டில் திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. லேப்டாப்பில் அந்த எழுத்துருவை ஏற்றினால் உடனே படிக்கலாம். நான் ஒவ்வொன்றாக, எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வருகிறேன். மாற்றியதெல்லாம் டேப்லெட்டிலும் ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் பட்டியல் போட்ட பக்கங்களில் வரிசை கலைகிறது, அதை லேப்டாப்பில்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் போகிறேன். வீட்டில் டேப்லெட் போதும் என்கிறார்கள். என்ன செய்யட்டும் அண்ணா?

கம்பம் கணக்கர்:
தங்கச்சி, பைத்தான் நிரல் மட்டும் என்றால் பிரவுசரிலேயே ஓடும் கூகுள் கோலாப் போதும். கணக்கு அவர்கள் சர்வரில் ஓடும், உன் கையில் இருப்பது வெறும் திரை. ஆனால் ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலேயே ஏறாது. உன் படிப்பில் அது தேவைப்படலாம். புது டேப்லெட் விலைக்குப் பழைய லேப்டாப் கிடைத்தால் அதை வாங்கு, 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பு வகை) இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். அப்பாவிடம் நான் பேச வேண்டும் என்றாலும் சொல்லும்மா.