அந்த 1,500 ரூபாய் மேலேயா, உள்ளேயா?

செக்காலை ஃபிட்டர்: "தொழில் பழகுகிற பையன்களுக்கு அரசாங்கம் மாதம் 1,500 சும்மா கொடுக்கிறது, அதனால்தான் பட்டறைக்கு எவனும் வருவதில்லை" என்று ஆத்தங்குடி அண்ணன் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. நான் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்தவன். 2019 அப்ரண்டிஸ் விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு மாதம் குறைந்தது 7,000. அந்த 7,000-க்கு உள்ளேதான் அரசு தரும் 1,500 இருக்கிறது, அதற்கு மேலே தனியாக இல்லை. தினமும் எட்டு மணி நேரம் லேத் முன்னால் நின்று வாங்கிய காசு அது.

ஆத்தங்குடிக்காரர்: உள்ளேயோ வெளியேயோ, அரசாங்கம் போட்ட பணம்தானே தம்பி? தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடும் என் பட்டறையில் மூன்று பேர். நாலு பேராவது இருந்தால்தான் அந்த அப்ரண்டிஸ் சட்டத்தில் சேரவே முடியும். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலரை ஊற்றும்போது கை லேசாக ஆடினாலும் பூவும் இலையும் கலந்துவிடும். புதுப் பையனுக்குக் கை நிற்க ஆறு மாதம் ஆகும். அதுவரை அவன் கூலி, சாப்பாடு, உடைத்த கல் எல்லாம் என் தலையில். எனக்கு எவன் 1,500 கொடுத்தான்?

செக்காலை ஃபிட்டர்: உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் என்னுடையது சும்மா வந்ததாகிவிடுமா?

பள்ளத்தூர் ஆச்சி: என் பேரன் அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். உதவித்தொகை 750, தமிழ்ப்புதல்வன் 1,000. கூட்டினால் 1,750 வருகிறது. 1,500 என்று யார் சொன்னது?

செக்காலை ஃபிட்டர்: ஆச்சி, அது படிக்கும்போது வருவது. நான் சொல்வது அப்ரண்டிஸ் கணக்கு.

ஆத்தங்குடிக்காரர்: பார்த்தீர்களா, படிக்கும்போதே பணம்! அப்புறம் சிமெண்டில் கை வைக்க எவன் வருவான்?

பள்ளத்தூர் ஆச்சி: பேரன் காசில் கண் வைக்காதீர்கள். உங்களிடம் வாங்கி எங்கள் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) பதித்த கல் வெளுத்துக் கிடக்கிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஆத்தங்குடிக்காரர்: தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொன்னேன். ஆசிட் ஊற்றிக் கழுவினால் எந்தக் கல் தாங்கும்?

பள்ளத்தூர் ஆச்சி: ஆசிட் ஊற்றியதை நீங்கள் வந்து பார்த்தீர்களா?

தேவகோட்டை கணக்கர்: அந்த 1,500, 2016-இல் வந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் வருவது. அப்ரண்டிஸ் உதவித்தொகையில் கால் பங்கு மத்திய அரசு தரும், உச்சவரம்பு 1,500. 7,000-க்குக் கால் பங்கு 1,750 ஆனாலும் 1,500-தான். 2023 முதல் அந்த அரசுப் பங்கு பையனின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது.

ஆத்தங்குடிக்காரர்: நேராக அவன் கணக்குக்கே போகிறது என்றால் மேலேதானே?

செக்காலை ஃபிட்டர்: கம்பெனி 5,500, அரசு 1,500. மொத்தம் 7,000. உள்ளே!

தேவகோட்டை கணக்கர்: கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை மாநிலம் ஏற்றிருந்தால் பயிற்சி நாளுக்கு 500 கிடைத்திருக்கும். அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

ஆத்தங்குடிக்காரர்: அதில் 18 தொழில் இருக்கிறது, கல் போடுகிறவன் இல்லை. மாநிலத்தின் கைவினைத் திட்டத்துக்கு 35 வயது ஆக வேண்டும். 18 வயதில் என்னிடம் வருகிற பையன் 17 வருடம் காத்திருப்பானா? பரம்பரையாகச் செய்கிற தொழில் இது. காரைக்குடியில் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு என்ன தெரியும்?

தேவகோட்டை கணக்கர்: நான் தேவகோட்டை. ஏசியும் கிடையாது.

செக்காலை ஃபிட்டர்: அண்ணே, பேச்சை மாற்றாதீர்கள். "சும்மா" என்று எழுதியதை எடுங்கள்.

ஆத்தங்குடிக்காரர்: எடுக்க மாட்டேன். ஒரு நாள் பட்டறைக்கு வந்து, கலர் கலங்காமல் ஒரே ஒரு கல் எடுத்துக் காட்டு. அப்புறம் பேசலாம்.

செக்காலை ஃபிட்டர்: வருகிறேன். ஆனால் அது உள்ளேதான்.