எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரின் நுண்ணிய தடுமாற்றங்களைக் கண்டறிய வழி கேட்கிறேன்
குழுவினருக்கு வணக்கம். நான் திருப்பூரில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்கு ஆலோசகராக இருக்கிறேன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஒரு அண்ணன், கூட்டு மருந்தை ஒரு வேளையும் தவறவிடாமல் வைரஸ் அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பவர், அண்மையில் ஊசியில் நூல் கோக்கவே மூன்று நான்கு முறை தடுமாறுவதை அவர் மனைவி கவனித்துச் சொன்னார். "வயசாச்சுங்க" என்கிறார் அவர், நாற்பதுகூட ஆகவில்லை.

எச்.ஐ.வி.யால் மூளைக்கு வரும் பாதிப்பைக் கண்டறிய 2005இல் வெளியான பன்னாட்டு எச்.ஐ.வி. மறதிநோய் அளவுகோலில் 4 சொற்களை நினைவுகூர்தல், 5 நொடி விரல் தட்டுதல், 10 நொடி கைநிலை மாற்றுதல் (முஷ்டி, உள்ளங்கை, கையின் பக்கவாட்டு என வரிசையாக வைப்பது) ஆகியவற்றுக்கு மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேல்பரிசோதனை தேவை. லேசான பாதிப்பு இதில் தப்பிவிடக்கூடும் என்பதுதான் என் கவலை.

பள்ளிப் படிப்பு குறைந்தவர்களிடம் இதைத் தமிழில் நடத்தியவர்கள் எந்தச் சொற்களைக் கொடுத்தீர்கள்? கோவை, ஈரோடு பக்கம் நினைவு, கவனம், கைவேகம் போன்றவற்றை விரிவாகச் சோதிக்கும் நரம்பியல் உளவியல் மதிப்பீடு செய்யும் இடம் தெரிந்தாலும் தயவுசெய்து தெரிவியுங்கள்.